கிராண்ட் கேன்யன் அடியிலுள்ள கறுப்புப் பாலம்: முதல்முறை இறங்குகிறவர்களுக்கு

மே மாதக் கடைசியில் ஒருநாள், காலை பதினொன்றரை மணிக்கு, நானும் என் மச்சினனும் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் பாதி வயிற்றில் நின்றுகொண்டிருந்தோம். கீழே கலங்கிய நிறத்தில் கொலராடோ ஆறு. அதன் குறுக்கே பேனாவால் ஒரு கோடு இழுத்த மாதிரி கறுப்புப் பாலம். “மாமா, பாலம் தெரியுது. இன்னும் ஒரு மணி நேரம்தான், தொட்டுட்டு வந்துடலாம்” என்றான். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்கூட மிச்சமில்லை. அங்கே நின்றிருந்த தன்னார்வலர் ஒருவர் எங்கள் பாட்டில்களைத்தான் முதலில் பார்த்தார், அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார். “இறங்க எவ்வளவு நேரம் என்பதை விடுங்கள், ஏற எவ்வளவு தண்ணீர் வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டார். பதில் இல்லை.

திரும்பினோம். மதியம் முழுக்க ஒரு பாறை நிழலில் ஒண்டிக் கிடந்து, வெயில் சாய்ந்த பிறகு ஏறி, மேலே வந்தபோது இரவு ஒன்பது தாண்டிவிட்டது. மச்சினனுக்கு இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டு கட்டை மாதிரி ஆகிவிட்டன. கடைசி பஸ்ஸும் போய்விட்டது. கார் நின்ற இடம் வரை இன்னும் நான்கு கிலோமீட்டர் இருட்டில் நடந்தோம்.

அதற்குப் பிறகு பெர்மிட் எடுத்து, ஒழுங்காகத் திட்டம் போட்டு, நவம்பர் தொடக்கத்தில் போய்ப் பாலத்தைக் கடந்து இரண்டு இரவு தங்கி வந்தோம். இடையில் நாங்கள் தடுக்கி விழுந்த இடங்களையெல்லாம் சேர்த்து இதை எழுதுகிறேன்.

1. ஒரே நாளா, தங்கி வருவதா: முதலில் இதை முடிவு செய்யுங்கள்

மலையேற்றத்தில் கஷ்டம் முதலில் வரும், இறக்கம் பிறகு வரும். முடியாவிட்டால் பாதியில் திரும்பிவிடலாம். இங்கே எல்லாம் தலைகீழ். சுலபமான பாதி முதலில் வந்து ஆளை மயக்கிவிடும். தெற்கு விளிம்பில் சவுத் கைபாப் பாதை தொடங்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து 2,213 மீட்டர் உயரம். ஆற்றங்கரை கேம்ப் கிட்டத்தட்ட 756 மீட்டர். ஒன்றரை கிலோமீட்டர் செங்குத்து இறக்கத்தை 11 கிலோமீட்டர் நடையில் முடிக்கிறோம். பாலத்தில் நிற்கும்போது பாதி முடிந்ததாகத் தோன்றும். நேரக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குதான் முடிந்திருக்கும். ஏற்றத்துக்கு இரண்டு பங்கு நேரம் ஒதுக்கச் சொல்கிறது பூங்கா நிர்வாகம்.

ஒரே நாளில் ஆறு வரை போய்த் திரும்புவது வேண்டாம் என்றும் நிர்வாகம் சொல்கிறது, குறிப்பாக மே முதல் செப்டம்பர் வரை. ஆனால் பகலில் மட்டும் இறங்கி ஏறுகிறவர்களுக்கு பெர்மிட் தேவையில்லை, யாரும் தடுத்து நிறுத்த மாட்டார்கள். இதுதான் முதல் பொறி. கதவு திறந்திருக்கிறது என்றால் போய்வரக்கூடிய தூரம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

என் தீர்ப்பு இது: பாலத்தைத் தொட வேண்டும் என்றால் கீழே ஓர் இரவாவது தங்குங்கள். இரண்டு இரவு தங்க முடிந்தால் இன்னும் நல்லது, ஒரு முழு நாள் முட்டிக்கு ஓய்வு கிடைக்கும். தங்க இடம் கிடைக்கவில்லையென்றால் சவுத் கைபாப் பாதையில் சீடர் ரிட்ஜ் வரை, அதாவது 2.4 கிலோமீட்டர் மட்டும் இறங்கி ஏறுங்கள். பாலம் தெரியாது. ஆனால் உடம்பு எப்படித் தாங்குகிறது என்பது தெரிந்துவிடும், அடுத்த முறைக்கு அது உதவும்.

2. மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர் தொடக்கம். இவைதான் நல்ல காலம். ஜூன், ஜூலையில் மேலே இதமாக இருக்கும், அடியில் நிழலிலேயே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கறுத்த பாறைச் சுவர்கள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் திருப்பிக் கொடுக்கும். ஜூலை முதல் செப்டம்பர் பாதி வரை மதிய நேரத்து இடி மழையும் திடீர் வெள்ளமும் சேர்ந்துகொள்ளும். குளிர்காலத்தில் கூட்டம் குறைவு, பெர்மிட் கிடைப்பதும் சுலபம். ஆனால் பாதையின் மேல்பகுதி பனிக்கட்டியாக இறுகிக் கிடக்கும். ஷூவுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள் பட்டை இல்லாமல் போக வேண்டாம்.

3. பெர்மிட்: மாதக் கணக்கில் முன்னால் தொடங்கும் வேலை

கீழே தங்க இரண்டு வழி. ஒன்று, பிரைட் ஏஞ்சல் கேம்ப்பில் சொந்தக் கூடாரம் போட்டுப் படுப்பது. மற்றொன்று, அதற்குச் சற்றுத் தள்ளி இருக்கும் ஃபேன்டம் ரான்ச் விடுதியில் கட்டில் பிடிப்பது.

விடுதிக்கான குலுக்கல் 15 மாதம் முன்னால் நடக்கிறது. அந்த மாதத்தின் 1 முதல் 25 தேதிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். 15 மாதம் கழித்து நமக்கு லீவு கிடைக்குமா என்றே தெரியாது. அதனால் நாங்கள் கேம்ப் பக்கம் போனோம்.

கேம்ப்புக்கு வேண்டியது பேக்கன்ட்ரி பெர்மிட், அதாவது சாலை போகாத உட்பகுதியில் இரவு தங்குவதற்கான அனுமதி. விண்ணப்பம் ரெக்ரியேஷன் டாட் கவ் (recreation.gov) தளத்தில். போக வேண்டிய மாதத்துக்கு நான்கு மாதம் முன்னால் குலுக்கல் முடிகிறது. மார்ச்சில் போக வேண்டும் என்றால் அக்டோபர் 16 முதல் நவம்பர் 1 வரை விண்ணப்பிக்கலாம். நவம்பர் என்றால் ஜூன் 16 முதல் ஜூலை 1 வரை. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்ளுங்கள், சிரிக்காதீர்கள். முதல்முறை நான் தேதியை மனதில் வைத்திருந்து, 2ஆம் தேதி காலை தளத்தைத் திறந்து உட்கார்ந்தேன்.

பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று இருக்கிறது. குலுக்கலில் பெயர் விழுந்தால் பெர்மிட் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. வரிசையில் ஒரு டோக்கன் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். உங்களுக்கு ஒரு நாளும் நேரமும் தருவார்கள். அந்த நேரம் தொடங்கியதும் உள்ளே போய், மிச்சமிருக்கும் இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அக்டோபருக்குப் போட்டேன், விழவில்லை. நவம்பருக்குப் போட்டேன், விழுந்தது. ஆனால் என் முறை வந்தபோது சனி, ஞாயிறு எல்லாம் போயிருந்தன. செவ்வாய், புதன் இருந்தது, எடுத்துக்கொண்டோம். அதனால் டோக்கன் நேரத்துக்கு முன்பே நான்கைந்து மாற்றுத் தேதிகளைக் கூட வருகிறவர்களோடு பேசி முடித்துவையுங்கள். திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு “உனக்கு வியாழன் ஓகேவா?” என்று போன் போட்டால் இடம் பறந்துவிடும்.

இன்னும் சில குறிப்புகள்:

யார் கணக்கிலிருந்து விண்ணப்பிக்கிறீர்களோ அவர்தான் குழுத் தலைவர், அவர் கூட நடக்க வேண்டும். வீட்டில் யாருக்குக் கணினி கைவருமோ அவர் பெயரில் போடாதீர்கள்.

சிறிய குழு என்றால் 6 பேர் வரை, பெரிய குழு 7 முதல் 11 வரை. பெரிய குழுவுக்கான இடங்கள் மிகக் குறைவு. எட்டுப் பேர் என்றால் இரண்டு பேரைக் கழற்றிவிடுவது பற்றி முதலிலேயே யோசியுங்கள். நட்பு முக்கியம்தான், இடமும் முக்கியம்.

மார்ச் 1 முதல் நவம்பர் 14 வரை ஒரே கேம்ப்பில் அதிகபட்சம் இரண்டு இரவு. நவம்பர் 15 முதல் பிப்ரவரி கடைசி வரை நான்கு இரவு.

குலுக்கலில் விழவில்லையா? மிச்ச இடங்கள் பிறகு எல்லோருக்கும் திறக்கும். ரத்தாகும் இடங்களும் தளத்தில் திரும்ப வரும். இரண்டு மூன்று வாரம் காலையும் மாலையும் எட்டிப் பார்க்கிற பொறுமை இருந்தால், வார நாட்களில் ஏதாவது மாட்டும். நீங்கள் போக முடியாமல் போனால் சும்மா விட்டுவிடாமல் ரத்து செய்துவிடுங்கள், அந்த இடம் இப்படிக் காத்திருக்கும் யாருக்காவது போகும்.

4. காசும் அடையாள அட்டையும்

குலுக்கல் விண்ணப்பத்துக்கு 10 டாலர், விழுந்தாலும் விழாவிட்டாலும் திரும்ப வராது. எங்களிடம் பெர்மிட்டுக்கு 10 டாலரும், ஆளுக்கு ஓர் இரவுக்கு 15 டாலரும் வாங்கினார்கள். இரண்டு பேர், இரண்டு இரவு: 70 டாலர். ஓர் இரவு ஓட்டல் வாடகையைவிடக் குறைவு.

பூங்கா நுழைவுக் கட்டணம் தனி. ஒரு காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். அமெரிக்காவில் வசிக்கிறவர்களுக்கு 80 டாலரில் எல்லாத் தேசியப் பூங்காக்களுக்குமான ஆண்டு அட்டை உண்டு.

ஊரிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். 2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு 11 பெரிய பூங்காக்களில் கூடுதல் கட்டணம் வந்திருக்கிறது, கிராண்ட் கேன்யன் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 16 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவருக்கும் வழக்கமான கட்டணத்தோடு 100 டாலர் கூட. வெளிநாட்டவருக்கான ஆண்டு அட்டை 250 டாலர். நான்கு பேர் ஒரே காரில் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறீர்கள் என்றால் தனித்தனியாகக் கட்டினால் 435 டாலர் ஆகும். ஆண்டு அட்டை எடுப்பது லாபம். ஸயான், பிரைஸ் கேன்யன், யோசமிட்டி என்று வழியில் வேறு பூங்காக்களும் போகிறீர்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

வசிப்பவர் என்று சொன்னால் போதாது, அமெரிக்க அரசு கொடுத்த புகைப்பட அடையாள அட்டை கேட்பார்கள். வாயிலில் தேடாமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கார்டும் வைத்துக்கொள்ளுங்கள், ரொக்கத்தை நம்பி வராதீர்கள். கீழே இறங்கும்போது எடுத்துப் போக வேண்டிய காகிதங்கள் மூன்றே மூன்று: அச்செடுத்த பெர்மிட், பெர்மிட்டில் பெயர் உள்ளவரின் புகைப்பட அட்டை, மருத்துவக் காப்பீட்டு அட்டையின் நகல். ஊரிலிருந்து வரும் பெற்றோரோ தம்பியோ கூட இறங்குகிறார்கள் என்றால் பயணக் காப்பீடு இல்லாமல் விடாதீர்கள். அமெரிக்காவில் ஒரு ஹெலிகாப்டர், ஒரு அவசர சிகிச்சை என்றால் பில் எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு செலவு, விருப்பப்பட்டால் மட்டும்: பையைக் கோவேறு கழுதை மேல் ஏற்றி அனுப்பலாம். 30 பவுண்டு, அதாவது பதிமூன்று கிலோவுக்கு மேல் போகக்கூடாது, முன்பதிவு வேண்டும். மலிவில்லை. ஆனால் முட்டி வலிக்காரர்களுக்கு இறக்கத்தில் பத்துக் கிலோ குறைவது பெரிய விஷயம்.

5. பையில் என்ன

நீண்ட பட்டியல் எல்லாக் கடைக்காரரும் தருவார்கள். நான் மூன்று பொருளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் உப்பு. மச்சினனுக்கு மே மாதம் தொடை பிடித்தது தண்ணீர் போதாததால் மட்டும் அல்ல. காலையிலிருந்து வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே வந்தான், ஒன்றும் சாப்பிடவில்லை. வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்கும்போது வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று வரும். பார்ப்பதற்கு வெயில் மயக்கம் மாதிரியே இருக்கும், இன்னும் தண்ணீர் கொடுத்தால் மோசமாகும். அரைமணிக்கு ஒருமுறை உப்பான எதையாவது கொறியுங்கள். இரண்டாம் முறை நாங்கள் உப்புக் கடலை, காராசேவு, ஒரு சின்ன டப்பாவில் நார்த்தங்காய் ஊறுகாய், கூடவே எலக்ட்ரோலைட் பொடி கொண்டு போனோம். நார்த்தங்காய்தான் முதலில் தீர்ந்தது.

இரண்டாவது, தண்ணீர் வடிகட்டி. கேன்யனுக்குள் குடிநீர் ஒரே ஒரு நீண்ட குழாய் வழியாக வருகிறது. பழைய குழாய், அடிக்கடி உடையும். 2025 டிசம்பரில் அது உடைந்து, தெற்கு விளிம்பு விடுதிகளில் இரவுத் தங்கலையே நிறுத்தினார்கள். இப்போது அந்தக் குழாயை மாற்றும் வேலை நடக்கிறது. அதற்காகப் பாதைகளும் பாலமும்கூட அவ்வப்போது மூடப்படுகின்றன. குழாயில் தண்ணீர் இல்லையென்றால் ஓடைத் தண்ணீரை வடிகட்டித்தான் குடிக்க வேண்டும். ஆளுக்கு மூன்று நான்கு லிட்டர் கொள்ளும் அளவுக்குப் பாட்டில்களும் வேண்டும்.

மூன்றாவது, ஊன்றுகோல் ஒரு ஜோடி. வயதானவர்கள் சமாச்சாரம் என்று நான் முதல்முறை வாங்கவில்லை. இரண்டாம் முறை அது இல்லாமல் ஒரு படிக்கட்டுகூட இறங்கியிருக்க மாட்டேன்.

புது ஷூ போட்டுக்கொண்டு வராதீர்கள். கால் நகங்களை முந்தின நாள் ஒட்ட வெட்டுங்கள், இறக்கத்தில் நகம் ஷூ முனையில் இடித்து இடித்துக் கறுத்துவிடும். டிரோன் எல்லாத் தேசியப் பூங்காவிலும் தடை.

6. முந்தின நாள்: கடிகாரம், கார், பஸ்

கிராண்ட் கேன்யன் இருக்கும் அரிசோனாவில் கோடைக்காலக் கடிகார மாற்றம், அதாவது கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும் வழக்கம், கிடையாது. லாஸ் வேகஸிலிருந்து வருகிறவர்களுக்கு மார்ச் முதல் நவம்பர் தொடக்கம் வரை நேரம் ஒன்றுதான். நவம்பர் முதல் ஞாயிறு கடந்துவிட்டால் அரிசோனா ஒரு மணி நேரம் முன்னால் போய்விடும். நாங்கள் அந்த ஞாயிறுக்கு மறுநாள் வந்தோம். நாலரை மணி நேர டிரைவ் என்று கணக்குப் போட்டு, கூடாரம் வாடகைக்கு எடுக்க வேண்டிய கடைக்கு மூடுவதற்கு அரைமணி முன்னால் போய்விடுவோம் என்று காபி குடித்துக்கொண்டே வந்தோம். கடை மூடி அரைமணி ஆகியிருந்தது. மறுநாள் காலை கடை திறக்கும்வரை காத்திருந்ததில் முதல் பஸ்ஸை விட்டோம்.

கேமரன் வழியாகக் கிழக்கு வாயிலில் வருகிறவர்களுக்கு வேறு குழப்பம். நவஹோ நிலப்பகுதியில் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், அதனால் கோடையில் போன் தானாக ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் குதிக்கும். அலாரம் வைக்கும் முன் போனின் நேர அமைப்பைக் கையால் ஃபீனிக்ஸ் என்று வைத்துவிடுங்கள்.

சவுத் கைபாப் பாதை தொடங்கும் இடத்துக்குச் சொந்தக் கார் போகாது. பூங்காவின் இலவச பஸ்தான். விடியற்காலையில் ஹைக்கர்ஸ் எக்ஸ்பிரஸ் என்று ஒரு பஸ், பிரைட் ஏஞ்சல் லாட்ஜ், பேக்கன்ட்ரி அலுவலகம், விசிட்டர் சென்டர் என்று ஏற்றிக்கொண்டு நேராக அங்கே போகும். நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். கோடையில் விடிவதற்கு முன்பே, குளிர்காலத்தில் நன்றாக விடிந்த பிறகு. பூங்காத் தளத்தில் அந்த மாத நேரத்தைப் பார்த்துவிடுங்கள்.

காரை எங்கே விடுவது என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. முதல்முறை வருகிற எல்லோரும் விசிட்டர் சென்டரில் விடுவார்கள். நீங்கள் பேக்கன்ட்ரி அலுவலக வாகன நிறுத்தத்தில் விடுங்கள். பஸ் அங்கேயும் வந்து ஏற்றும். ஏறி வரப்போவது பிரைட் ஏஞ்சல் பாதையில். அது முடியும் இடத்திலிருந்து இந்த நிறுத்தம் நடக்கிற தூரம்தான்.

அன்றிரவே இன்னொன்றும் செய்யுங்கள். பூங்காத் தளத்தில் பாதை மூடல் அறிவிப்பைப் பாருங்கள். ஏறும்போது கடக்கும் இரண்டாவது பாலமான வெள்ளிப் பாலமோ, அங்கிருந்து பிரைட் ஏஞ்சல் பாதையில் சேர்க்கும் ஆற்றங்கரைப் பாதையோ மூடியிருந்தால் திரும்பும் வழியே மாறிவிடும்.

7. இறங்குவது: சவுத் கைபாப்

இறங்க இந்தப் பாதை, ஏற பிரைட் ஏஞ்சல். மாற்றிச் செய்யாதீர்கள். சவுத் கைபாப்பில் வழி நெடுக ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, நிழலும் அநேகமாகக் கிடையாது, செங்குத்தும் அதிகம். ஆனால் தூரம் குறைவு, காட்சி அபாரம்.

ஆளுக்கு மூன்று லிட்டரோடு தொடங்கினோம். 1.4 கிலோமீட்டரில் ஊ ஆ பாயின்ட், பெயரே அப்படித்தான். சீடர் ரிட்ஜில் கழிப்பறை. 4.8 கிலோமீட்டரில் ஸ்கெலிட்டன் பாயின்ட், அங்கிருந்துதான் ஆறு முதலில் கண்ணில் படும். 7.1 கிலோமீட்டரில் டிப்ஆஃப், அடுத்த கழிப்பறை, கொஞ்சம் நிழல். அதற்குக் கீழே பாதை ஆறு ஓடும் உள் பள்ளத்துக்குள் விழுகிறது. நிதானமாகப் போனால் மொத்தம் நான்கு முதல் ஆறு மணி நேரம். எங்களுக்கு ஐந்தே கால் மணி நேரம் ஆனது.

கோவேறு கழுதைகள் வந்தால் வழி அவற்றுக்குத்தான். பள்ளத்தின் பக்கம் ஒதுங்காமல் மலைச் சுவர்ப் பக்கம் ஒட்டி, சத்தம் போடாமல் நில்லுங்கள். ஓட்டுகிறவர் சொல்வதைக் கேளுங்கள். கடைசிக் கழுதை பதினைந்து மீட்டர் தள்ளிப் போனபிறகு நகரலாம். அணில்கள் பழகிய பூனை மாதிரி காலடிக்கு வரும், கடிக்கும். பையைத் திறந்து வைத்துவிட்டுப் போட்டோ எடுக்கப் போனால் உங்கள் காராசேவு அதற்குத்தான்.

8. பாலம்

கடைசி வளைவில் திரும்பியதும் பாதை நேராக ஒரு பாறைக்குள் நுழைந்துவிடும். சுரங்கம். குட்டைதான், ஆனால் நடுவில் ஒரு வளைவு இருப்பதால் சில அடி தூரம் கண் தெரியாது. ஹெட்லைட்டைப் பையின் அடியில் போட்டு வைத்தவர்கள் சுவரைத் தடவிக்கொண்டுதான் போக வேண்டும். இந்தக் கறுத்த பாறைக்கு விஷ்ணு ஷிஸ்ட் என்று பெயர், சுமார் 170 கோடி வருடப் பழசு. மச்சினன் சுவரில் கை வைத்துக்கொண்டே “பெருமாள் சில்லுன்னு இருக்கார் மாமா” என்றான்.

சுரங்கத்தின் மறுமுனையில் வெளிச்சம், அடுத்த அடியே பாலம். 1928இல் கட்டியது. 134 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். தரையில் மரப்பலகை, இரண்டு பக்கமும் கம்பி வலை, மேலே இரும்பு வடம். பலகைகள் குளம்பு பட்டுப் பட்டு நடுவில் தேய்ந்து, மண்ணும் காய்ந்த சாணமுமாக இருக்கும். இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் கால் தாளம் பாலத்துக்குள் இறங்கி லேசாகத் திரும்பி வருகிறது. நடுவில் நின்றுவிட்டால் அது அடங்கி, ஆற்றின் இரைச்சல் மட்டும் கீழிருந்து ஏறி வரும்.

படம் எடுக்க நினைக்கிறவர்களுக்கு: பாலம் முழுதாக ஒரே சட்டகத்தில் விழுவது மேலேயுள்ள கடைசி வளைவுகளிலிருந்துதான், சுரங்கத்துக்கு முன்பே. அங்கே எடுக்க மறந்தால் பிறகு திரும்ப ஏறிப் போக மனசே வராது. உள் பள்ளம் ஆழமானதால் காலையிலும் மாலையிலும் பாலம் நிழலில் கிடக்கும், வெயில் நடுப்பகலில்தான் விழும். பாலத்தில் ஏறும் முன் எதிர்ப்பக்கம் பாருங்கள். கழுதைகள் வருவது தெரிந்தால் இந்தப் பக்கமே காத்திருங்கள், பாலத்தில் ஒதுங்க இடமில்லை.

பாலத்தைக் கடந்ததும் மணல் கரையும் படகுகள் ஒதுங்கும் இடமும் வரும். ஆற்றில் இறங்காதீர்கள். மேலே அணையின் அடியிலிருந்து திறக்கும் தண்ணீர் என்பதால் கோடையிலும் ஐஸ் மாதிரி இருக்கும், இழுப்பும் அதிகம். காலை நனைக்க வேண்டுமானால் கேம்ப்பை ஒட்டி ஓடும் பிரைட் ஏஞ்சல் ஓடை இருக்கிறது. ஐந்து நிமிடம் காலை வைத்தால் போதும், வலி மரத்துவிடும்.

9. கீழே இரவு

கேம்ப்பில் யார் முதலில் வருகிறாரோ அவருக்கு நல்ல இடம், ஓடைப் பக்கம் இருப்பவை சீக்கிரம் போகும். ஒவ்வோர் இடத்திலும் உணவு வைக்க இரும்புப் பெட்டி இருக்கும். பற்பசை, உதட்டுக் களிம்பு உட்பட வாசனையுள்ள எல்லாவற்றையும் அதில் போட்டு மூடுங்கள். கூடாரத்தில் வைத்தால் எலியோ அணிலோ துணியை ஓட்டை போடும், வாடகைக் கூடாரம் என்றால் தண்டம்.

ஃபேன்டம் ரான்ச் கேன்டீனில் கேம்ப்காரர்களும் வாங்கலாம். சாப்பாட்டுக்கு முன்பதிவு வேண்டும், சைவமும் உண்டு, பதிவிலேயே சொல்லிவிடுங்கள். எலுமிச்சைச் சாறும் தபால் அட்டையும் பதிவில்லாமல் கிடைக்கும். அட்டையில் ‘கேன்யனின் அடியிலிருந்து கோவேறு கழுதை மூலம் வந்தது’ என்று முத்திரை குத்தி அனுப்புவார்கள். முகவரிகளை எழுதிக்கொண்டு போங்கள். கீழே போன் சிக்னல் கிடையாது, யார் முகவரியும் நமக்கு மனப்பாடம் இல்லை என்பது அங்கேதான் தெரியும்.

10. ஏறி வருவது: வெள்ளிப் பாலம், பிரைட் ஏஞ்சல்

விடிவதற்கு முன் கூடாரத்தைச் சுருட்டிவிடுங்கள். கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை நடக்கவே வேண்டாம் என்பது பூங்காவின் அறிவுரை. நவம்பரிலும் நாங்கள் ஐந்தரைக்குக் கிளம்பினோம்.

ஏறும்போது கடப்பது இரண்டாவது பாலம், வெள்ளிப் பாலம். இதன் தரை இரும்புச் சல்லடை, பாதத்துக்கு நேர் கீழே தண்ணீர் ஓடுவது தெரியும். கழுதைகள் இதில் கால் வைக்க மறுக்கும், அதனால்தான் அவை கறுப்புப் பாலத்திலேயே போகின்றன. உயரம் பயம் உள்ளவர்கள் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டே நடங்கள், அல்லது கழுதைகளைப் போலக் கறுப்புப் பாலத்துக்கே திரும்பிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்தப் பாலத்தில் வந்தாலும் தென்கரையில் ஆற்றங்கரைப் பாதையில் சேர்ந்து பிரைட் ஏஞ்சல் போகலாம். ஆற்றங்கரைப் பாதை மூடியிருந்தால் மட்டும் வேறு வழியில்லை, தண்ணீரே இல்லாத சவுத் கைபாப்பில்தான் ஏற வேண்டும். அப்போது கேம்ப்பிலேயே ஆளுக்கு நான்கு லிட்டர் நிரப்பிக்கொள்ளுங்கள்.

கேம்ப்பிலிருந்து மேலே வரை கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர். ஆற்றங்கரையில் மணலில் கால் புதைய நடை, பிறகு டெவில்ஸ் கார்க்ஸ்க்ரூ என்ற வளைவுப் பாதை, அப்புறம் ஹவசுபாய் கார்டன்ஸ். 2022 வரை இந்தியன் கார்டன் என்று பெயர், பழைய வரைபடங்களில் அப்படித்தான் இருக்கும். மரம், நிழல், தண்ணீர், கழிப்பறை எல்லாம் உண்டு. அங்கே முழுதாக அரைமணி உட்காருங்கள், சாப்பிடுங்கள், எல்லாப் பாட்டிலையும் நிரப்புங்கள். அங்கிருந்து விளிம்பு வரையுள்ள 7.2 கிலோமீட்டருக்குள் இரண்டு ஓய்வுக் கொட்டகைகள் வரும். அங்குள்ள குழாய்களில் மே பாதி முதல் அக்டோபர் பாதி வரைதான் தண்ணீர். எங்களுக்கு முன்னால் ஏறிய ஒரு குடும்பம் இது தெரியாமல் காலி பாட்டிலோடு வந்து குழாயைத் திருகிக்கொண்டிருந்தது. எங்களிடம் இருந்ததில் ஒரு லிட்டர் அவர்களுக்குப் போனது.

பேச முடிகிற வேகத்தில் நடங்கள், அதற்கு மேல் வேண்டாம். எங்களுக்கு இடைவேளைகளோடு ஒன்பது மணி நேரம். கடைசி ஒன்றரை கிலோமீட்டரில் செருப்போடும் ஐஸ்கிரீமோடும் மேலிருந்து இறங்கி வருகிறவர்கள் எதிரே வரத் தொடங்குவார்கள். “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று அவர்களிடம் கேட்காதீர்கள், அவர்களுக்குத் தெரியாது.

மேலே வந்ததும் மெதுவாக நடந்து பேக்கன்ட்ரி அலுவலக நிறுத்தத்துக்குப் போய்விடலாம், கார் அங்கேயே நிற்கும். சாவியை மட்டும் பையின் மேல் ஜிப்பில் வையுங்கள். மச்சினன் அதைத் தூங்கும் பைக்குள் போட்டுச் சுருட்டி அடியில் வைத்திருந்தான். கார் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து மொத்த மூட்டையையும் பிரித்தோம்.